ஊருக்குப் போகும் பள்ளிச் செய்தியும் சிக்கல் தீர்க்கும் திறனும்: ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியை ஒருவருக்குப் பதில்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியையாகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறார். பள்ளியில் நடப்பவற்றை ஊராருக்குத் தெரிவிக்க மாதம் ஒருமுறை ஒரு செய்தித் தாள் வெளியிடுவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதுவது என்பது முதல் கேள்வி. குழந்தைகளிடம் சிக்கல் தீர்க்கும் திறனை வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லி அனுப்புகிறார்கள், ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில் அதற்குத் தனியாக நேரம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் என்னிடம் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. பள்ளியில் உண்மையிலேயே தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலைக் குழந்தைகளிடம் விடுங்கள். அதை அவர்கள் எப்படி அணுகினார்கள், எங்கே இடறினார்கள் என்பதை அவர்கள் கையாலேயே மாதந்தோறும் ஊருக்கு எழுதச் செய்யுங்கள்.

நான் பார்த்த பள்ளிச் செய்தித் தாள்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சுதந்திர தினக் கொடியேற்றம், வட்டாரக் கல்வி அலுவலரின் வருகை, ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவர்களின் பெயர்கள், நன்கொடையாளருக்கு நன்றி என்று பக்கம் நிரம்பிவிடும். இவற்றை நான் குறை சொல்லவில்லை. மின்விசிறி வாங்கித் தந்தவருக்கு நன்றி சொல்லாவிட்டால் அடுத்த மின்விசிறி வராது. ஆனால் அதற்கு நான்கு வரி போதும். மீதிப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருக்குத் தம் குழந்தை வகுப்பில் என்ன யோசிக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாத வரையில், வீட்டுக்கு வரும் கணக்கு நோட்டில் விடை சரியா தவறா என்பதை மட்டுமே அவர்கள் பார்ப்பார்கள். தவறென்றால் அண்ணனையோ அக்காளையோ விட்டு விடையைப் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். பகலில் பள்ளியில் தாங்கள் கட்டியதை மாலையில் வீடு அவிழ்த்துவிடும்.

சிக்கல் தீர்த்தல் என்றால் என்ன என்பதைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் இதை நான்கு படிகளாகப் பிரித்துச் சொன்னார்: சிக்கலைப் புரிந்துகொள்வது, வழி ஒன்றைத் திட்டமிடுவது, அந்த வழியில் நடந்து பார்ப்பது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. நம் வகுப்பறைகளில் மூன்றாவது படி மட்டும் நன்றாக நடக்கிறது. முதல் இரண்டையும் ஆசிரியரே செய்து கொடுத்துவிடுகிறார்; ‘இது வகுத்தல் கணக்கு’ என்று சொன்ன கணத்திலேயே அவை முடிந்துபோகின்றன. நான்காவதற்கு மணி அடித்துவிடுகிறது. ஆகவே பாடநூலில் இல்லாத, ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு சிக்கல் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட சிக்கல்கள் பள்ளி வளாகத்திலேயே வேண்டிய மட்டும் கிடக்கின்றன.

தட்டுக் கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று, தங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட பிறகு, தட்டுக் கழுவும் வரிசை நாளுக்கு இருமுறை நிற்கிறது. நான் அறிந்த ஒரு பள்ளியில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், மூன்று குழாய்கள். மதியம் தட்டுக் கழுவி முடிவதற்குள் பாடவேளையில் பாதி போய்விடுகிறது என்று ஆசிரியர் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பையே கேள்வியாக்கி நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். முதலில் அவர்கள் கணக்குப் போட்டார்கள்: ஒரு தட்டுக்கு அரை நிமிடம், ஒரு குழாய்க்குப் பதினாறு பேர், ஆக எட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. எட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய சிக்கலாயிற்று. கணக்கு சரியாக இருந்தும் உலகம் அதன்படி நடக்கவில்லை என்பதைப் பத்து வயதில் எதிர்கொள்வது பெரிய விஷயம் என்று நான் கருதுகிறேன்.

மறுநாள் இருவர் சாப்பிடுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, குழாயடியில் நின்று பார்த்தார்கள். மூன்று குழாய்களில் ஒன்றில்தான் கூட்டம். மற்ற இரண்டும் வெயிலில் இருந்தன. மதிய நேரத்தில் அந்தச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்தபோது மரங்களைப் பறிகொடுத்த பள்ளிகளில் நிழல் இப்படித்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிழலில் இருந்த குழாயடியிலோ சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் சல்லடையை அடைத்து, தண்ணீர் தேங்கி, ஒவ்வொருவரும் குனிந்து அதைத் தள்ளிவிட்டே தட்டை நீட்ட வேண்டியிருந்தது. மீந்த சோற்றைப் போட ஒரு வாளியை முன்னால் வைப்பது என்றும், வெயில் குழாய்களுக்கு மேல் இரண்டு கீற்று கட்டுவது என்றும் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். வாளியை மாட்டுக்குக் கொண்டுபோக எதிர்வீட்டுப் பாட்டி ஒப்புக்கொண்டார். வகுப்பு வகுப்பாக அனுப்பலாம் என்ற மூன்றாவது யோசனை மட்டும் பலிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு விளையாடிக்கொண்டு நிற்க, ஐந்தாம் வகுப்பு வெயிலில் காத்துக் கிடந்தது. பெரிய பிள்ளை ஒருவர், சிறிய பிள்ளை ஒருவர் என்று இணைத்து அனுப்பியபோது ஓரளவு சரியாயிற்று. கடைசியில் நேரம் ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இறங்கியது.

இப்போது இதைச் செய்தித் தாளில் எப்படி எழுதுவது என்று பாருங்கள். ‘எங்கள் பள்ளியில் தட்டுக் கழுவும் முறை சீரமைக்கப்பட்டது’ என்று எழுதினால் அது அரசிதழ் அறிவிப்பு. எட்டு நிமிடக் கணக்கு, இருபத்தைந்து நிமிட உண்மை, குழாயடியில் நின்று பார்த்தது, பலிக்காமல் போன யோசனை, இன்னும் எட்டுக்கு வராததற்குப் பிள்ளைகள் நினைக்கும் காரணம் என்ற வரிசையில், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பலிக்காத யோசனையை விட்டுவிடாதீர்கள். படிப்பவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். கடைசியில், ‘மீதி நான்கு நிமிடம் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள்’ என்று ஊரைக் கேட்டு முடிக்கட்டும். வேறு எந்த அறிவிப்புக்கும் வராத ஆட்கள் இதற்கு வருவார்கள். அந்தப் பள்ளியில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஒரு தந்தை வந்து, மூன்று குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசிக் குழாயில் தண்ணீர் ஏன் மெலிந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதன் பயன் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாமல் இருக்க இது ஒரு வழி.

டெல்டாவில் இருக்கும் பள்ளிக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. தண்ணீரைப் பங்கிடுவதைவிடச் சிறந்த சிக்கல் பாடம் எந்த நாட்டிலும் கிடைக்காது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் ஊர் ஊராகக் குறைந்துகொண்டே வந்துதான் தங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் எட்டுகிறது. முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில் வீட்டில் நடக்கும் பேச்சையும் சண்டையையும் குழந்தைகள் கேட்டு வளர்கிறார்கள். அதை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ஒரு வாய்க்காலில் நான்கு வயல்கள்; தலைமடையிலிருந்து வரிசையாக இரண்டு மா, மூன்று மா, நான்கு மா, கடைமடையில் மூன்று மா (மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு). பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். எப்படிப் பங்கிடுவது?

மொத்தம் பன்னிரண்டு மா, பன்னிரண்டு மணி, ஆக மாவுக்கு ஒரு மணி என்று உடனே சொல்லிவிடுவார்கள். அங்கே நிறுத்தாமல், காய்ந்து கிடக்கும் வாய்க்காலை நனைத்துக்கொண்டு கடைமடை வரை போய்ச் சேரவே தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு மணி யார் கணக்கில் போகிறது? கடைமடைக்காரர் கணக்கில் என்றால், மூன்று மா வைத்திருப்பவருக்கு இரண்டு மணித் தண்ணீர்தான். அது எல்லோருடைய வாய்க்கால், நனைக்கும் நேரத்தையும் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், மீதி பதினொரு மணியை, அதாவது 660 நிமிடத்தை, பன்னிரண்டால் வகுக்க வேண்டும். மாவுக்கு 55 நிமிடம் என்று முழு எண்ணாக வரும். தலைமடைக்காரர் வீட்டுப் பிள்ளை இதை ஒப்புக்கொள்ளாது. தன் வயல் வரை நனைய ஐந்து நிமிடம்கூட ஆகாதபோது மாவுக்கு ஐந்து நிமிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கும். அதுவும் நியாயமான கேள்விதான். இதே கணக்கைக் கொடுத்த ஒரு வகுப்பில், பெரும்பாலும் பேசாத ஒரு சிறுமி எழுந்து, தலைமடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் கடைசி வயலுக்குத்தானே வடியும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்டாள். கேள்வியைத் தயாரித்தவருக்கே அது தோன்றியிருக்கவில்லை. அவள் வீட்டில் வயல் கிடையாது. தந்தை மற்றவர்களுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்.

இந்தக் கணக்குக்கு ஒரே விடை இல்லை. அதனாலேயே செய்தித் தாளுக்கு இது ஏற்றது. மூன்று விடைகளையும் அவற்றைச் சொன்ன பிள்ளைகளின் காரணங்களோடு போட்டு, ஊரில் உண்மையில் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். மடையைத் திறந்து மூடும் லஸ்கரையும் ஒருநாள் பள்ளிக்கு அழைக்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: நிலம் யாருடையது, யார் யாருக்குத் தண்ணீர் விடவில்லை என்பது ஊரில் புகைந்துகொண்டிருக்கும் விஷயம். வயல்களுக்குப் பெயர் வேண்டாம், உண்மையான பரப்பும் வேண்டாம். பிள்ளைகளின் கணக்கு பெரியவர்களின் வழக்குக்குச் சாட்சியாகப் போய்விடக் கூடாது.

மா, குழி, வேலி என்ற அளவுகளைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பது தாத்தாக்களுக்குத் தெரியும். பாடநூலின் சதுர மீட்டரோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு வாரத்துக்கான வேலை. நெல் கொள்முதல் நிலையமும் அப்படித்தான். நாற்பது கிலோ சிப்பம், பதினேழு விழுக்காடு ஈரப்பதம் என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு எத்தனையோ கேள்விகள் கேட்கலாம்.

விதி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு எனக்குப் பிடித்தமான ஒரு பாடம் பலாப்பழம். நம் திண்ணைப் பள்ளிகளில் புழங்கிய கணக்கதிகாரம் என்ற பழைய நூலில், பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்கிறது அந்த வெண்பா. பருவத்தில் பலாப்பழம் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கி வந்து, முள்ளை எண்ணி, விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு அறுங்கள். எந்த வரிசை வரைக்கும் ‘காம்பருகு’ என்பதிலேயே வாதம் தொடங்கும். எண்ணிக்கை பொருந்தாமல் போனால் நூல் தவறா, எண்ணியவர்கள் தவறா, பிஞ்சிலேயே வற்றிய சுளையைச் சேர்ப்பதா என்று பேச வேண்டியிருக்கும். எதுவானாலும் பிற்பகலில் அனைவருக்கும் சுளை உண்டு. முடிவைத் தாளில் எண்களோடு போடுங்கள். அடுத்த பருவத்தில் இன்னொரு பழத்தோடு ஒப்பிடலாம்.

டெல்டாவில் கணக்கைப் பற்றிப் பேசும்போது கும்பகோணத்து இராமானுஜனைக் குறிப்பிடாமல் யாரும் விடுவதில்லை. டிசம்பர் 22 அன்று தங்கள் பள்ளியிலும் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பீர்கள். அவரைப் பிறவி மேதை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கணக்கு வேறு யாருக்கோ உரியது என்றே கேட்கும் பிள்ளை புரிந்துகொள்ளும். அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது. தாளுக்கு விலை அதிகமாக இருந்ததால் அவர் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். வழி அழிந்து விடை மட்டும் நின்றதால், அந்த நோட்டுகளில் இருப்பவற்றை மெய்ப்பிக்கப் பிற்காலக் கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நம் பிள்ளைகளுக்கு இன்று தாள் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தின் ஓரத்தில் போட்ட கிறுக்கலை அழித்துவிட்டுத்தான் நோட்டை நீட்டுகிறார்கள், ஏனெனில் அழகான நோட்டுக்குத்தான் நாம் ‘மிக நன்று’ போடுகிறோம். சிக்கல் தீர்க்கும் பாடத்துக்கு மட்டுமாவது அழிப்பானை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள். தவறிய வழியின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அதன் கீழேயே அடுத்த வழியைத் தொடங்கட்டும். தாங்கள் செய்தித் தாளுக்கு எடுக்க வேண்டியவை அந்தக் கோடு போட்ட பகுதிகள்தாம்.

பெற்றோரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடவுக் காலத்தில் தாய்மார்கள் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுகிறார்கள், பல தந்தையர் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், யார் படிப்பார்கள் என்பது தங்கள் கவலை. தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமலும், எழுத்துப் பெரிதாகவும், பிள்ளைகளின் கையெழுத்திலேயும் இருந்தால் படிப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பதோடு, ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை ஆகிய இடங்களில் ஒவ்வொன்று ஒட்டிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் படமாகப் போகட்டும். இரவு அவர் பேசும்போது ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்பதைத் தாண்டி அந்தத் தட்டுக் கழுவும் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்கும் ஒரு விஷயம் கிடைக்கும். எழுத்தறியாத வீடுகளில் பிள்ளையே வாசித்துக் காட்டும். வாசிப்புப் பயிற்சியும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தாளின் அடியிலும் பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோளை எழுதுங்கள்: விடையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், ‘என்ன கேட்டிருக்கிறார்கள், உனக்கு என்ன தெரியும், வேறு எப்படிச் செய்து பார்க்கலாம்’ என்று மட்டும் கேளுங்கள்.

வெளியிடக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். யார் பின்தங்கியிருக்கிறார், யார் பள்ளிக்கு வருவதில்லை என்பவை தாளுக்கு உரியவை அல்ல. ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருப்பது ஆசிரியரின் வசதிக்காக. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். கையும் நோட்டும் தெரியும் படமே போதுமானது. வீட்டில் நடக்கும் துன்பத்தைக் குழந்தை ஒரு ‘சிக்கலாக’ எழுதிக் கொடுத்தால், அது செய்தியும் அல்ல, வகுப்பில் விவாதிக்கும் பொருளும் அல்ல. தனியாக அழைத்துப் பேசி, தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம்.

பிள்ளைகளுக்குள் வரும் சண்டைகளுக்கும் இதே முறை ஓரளவு உதவும். என்ன நடந்தது என்று இருவரும் குறுக்கிடாமல் சொல்லி, மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிய பிறகே தீர்வுக்குப் போக வேண்டும். ஆனால் அவற்றைத் தாளில் எழுதாதீர்கள். இரண்டு வீடுகளுக்குப் பகை வந்துவிடும். ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் நல்லவை, மழை நாளில் நேரமும் போகும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்தால் அவை பாடமாகின்றன.

இனி நேரம். தனிப் பாடவேளை தேவையில்லை. மாதத்துக்கு ஒரு சிக்கல் போதும், இரண்டு வேண்டாம். முதல் வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்புக்குப் பதிலாக ஒருநாள் அந்தச் சிக்கலை அறிவியுங்கள். இரண்டாம் வாரம் பார்ப்பதும் அளப்பதும். ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எண்ணுவார்கள், படம் வரைவார்கள், நான்கும் ஐந்தும் எழுதும். இது கணக்குப் பாடவேளையிலும் சூழ்நிலையியல் பாடவேளையிலும் அடங்கிவிடும். செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியே கற்க வேண்டும் என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே சொல்வதால், பார்வைக்கு வருபவர் கேட்டாலும் பதில் இருக்கிறது. மூன்றாம் வாரம் செய்து பார்ப்பது. கடைசி வாரம் தமிழ்ப் பாடவேளையில் எழுதுவதும் திருத்துவதும்; எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சொல்லை மாற்றாதீர்கள். தாங்களே உட்கார்ந்து நன்றாக எழுதிவிட்டால் தாள் அழகாக இருக்கும், ஆனால் இரண்டாம் மாதமே பிள்ளைகள் கை கழுவிவிடுவார்கள்.

முதல் தாளுக்கு, ஐப்பசி மழையில் பள்ளி முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வெட்டினால் வடியும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கடைமடையில் நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே சரிந்திருக்கும். அதனால் ஊகம் பலிக்காது, அளந்துதான் ஆக வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றும், இரண்டு அளவுகோல்களும் இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே முற்றத்தின் மேடு பள்ளத்தைத் தாளில் குறித்துவிடுவார்கள். பெற்றோரில் ஒரு கொத்தனாராவது இருப்பார். குழாயைப் பிடிக்கும் முறையை அவர் ஒருமுறை காட்டட்டும். ஆவணி, புரட்டாசிக்குள் அளந்து முடித்தால், எங்கே தேங்கும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே தாளில் போட்டுவிடலாம். மழை வந்ததும் ஊரே வந்து சரிபார்க்கும். பிள்ளைகள் தயாரித்த படத்தை நவம்பர் 1 கிராம சபைக் கூட்டத்தில் வைத்தால், வடிகால் வெட்ட ஊராட்சியிடம் கேட்பதற்கும் அது உதவும்.